ஆர்தாங்க் டைகாம் சர்வர்: நிறுவியது பத்து நிமிடம், புரிந்தது பத்து மாதம்

ஸ்கேன் மையத்தில் என் வேலை எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எடுப்பது. ஆனால் பிரிண்டர் மக்கர் செய்தாலும் இணையம் போனாலும் எல்லோரும் என்னைத் தேடியே வருவதால், யாரும் நியமிக்காமலே கம்ப்யூட்டர் பிரிவும் நானாகிவிட்டேன். போன வருடம் ஒருநாள் டாக்டர் கூப்பிட்டு, "படம் எல்லாம் மெஷின்லயே கிடக்கு. பழசை அழிச்சாத்தான் புதுசுக்கு இடம்ங்கிறாங்க. ஏதாவது பண்ணும்மா" என்றார். அந்த "ஏதாவது"தான் ஆர்தாங்க். பத்து மாதம் அதோடு குடித்தனம் நடத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

மதிப்பெண்ணைக் கடைசி வரை ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. ஐந்துக்கு நான்கு. பிடித்துக்கொண்ட ஒரு மதிப்பெண் எதற்கு என்பது போகப் போகத் தெரியும். இடையில் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி ஆர்தாங்க்கின் குற்றமே இல்லை. அதற்கு அடியில் இருக்கும் லினக்ஸையும், அதைச் சுற்றி இருக்கும் நெட்வொர்க்கையும், எல்லாவற்றுக்கும் மேலாக என் அவசரத்தையும்தான் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்கேன் மெஷின்கள் படங்களை டைகாம் என்ற வடிவத்தில் அனுப்பும். அவற்றை வாங்கி, அடுக்கி, கேட்கும்போது எடுத்துத் தரும் சர்வரைப் பொதுவாக பேக்ஸ் என்பார்கள். ஆர்தாங்க் அந்த வகையில் சின்னது, இலவசமானது, மூலநிரல் திறந்தது. பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் செபாஸ்தியன் ஜோதோன் தொடங்கிய திட்டம். முதல் வெளியீடு 2012இல் வந்தது. 2014ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விருது இதற்காக அவருக்குக் கிடைத்தது. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது, ஆகவே பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். ஓரமாகக் கிடந்த, நான்கு ஜிபி நினைவகம் கொண்ட ஒரு பெட்டியில்தான் நான் ஆரம்பித்தேன். இன்றும் அதே பெட்டிதான்.

நிறுவுவதில் சொல்ல ஒன்றும் இல்லை. டெபியன் 12 என்ற லினக்ஸில், மென்பொருளை நிறுவும் ஆப்ட் கட்டளை ஒரு வரி. முடிந்ததும் சர்வீஸ், அதாவது பின்னணியில் இயங்கும் ஆர்தாங்க், தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். உலாவியில் 8042 போர்ட்டை (போர்ட் என்பது கணினிக்குள் நுழைய எண் போட்ட வாசல்) திறந்தால் ஆர்தாங்க்கின் பக்கம் வரும். படங்கள் வந்து சேரும் டைகாம் போர்ட் 4242. பத்து நிமிடம் என்று தலைப்பில் போட்டது மிகையில்லை. வேறு கணினியிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் உள்ளே விடாது, ரிமோட் அனுமதி இயல்பாகவே மூடியிருக்கும். அதைத் திறக்கும்போதே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். நோயாளியின் படம் அது, அடுத்த வீட்டு வைஃபைக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்த அனுமதியைத் திறக்கப் போய்த்தான் முதல் அடி வாங்கினேன். அமைப்புக் கோப்பில் கை வைக்கும் முன்னால் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்ல பழக்கம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதே ஃபோல்டரில், பெயரின் நடுவில் "ஓல்ட்" என்று சேர்த்து, கடைசியில் டாட் ஜேசன் (அமைப்புக் கோப்பின் வகை) அப்படியே இருக்க ஒரு நகல் வைத்தேன். சர்வீஸை மறுபடி தொடங்கினேன். தொடங்க மறுத்தது. மாற்றியதை எல்லாம் பழையபடி வைத்தேன், அப்போதும் மறுத்தது. என் பதற்றத்தைப் பார்க்க வேண்டுமே! ஒன்றும் மாற்றாத கோப்பு, பத்து நிமிடம் முன்னால் ஓடிய அதே கோப்பு, இப்போது ஓடவில்லை என்றால்?

விஷயம் இதுதான். டெபியனில் ஆர்தாங்க் ஒரே ஒரு அமைப்புக் கோப்பைப் படிப்பதில்லை. அந்த ஃபோல்டரில் டாட் ஜேசன் என்று முடியும் எல்லாவற்றையும் படித்து ஒன்றாகக் கோர்க்கிறது. ஒரே பிரிவு இரண்டு கோப்புகளில் இருந்தால், எது சரி என்று ஊகிக்காமல் நின்றுவிடுகிறது. நான் எடுத்த நகலே எனக்கு எமன். லாகில், அதாவது ஆர்தாங்க் நடந்ததை எழுதி வைக்கும் குறிப்பேட்டில், "இந்தப் பிரிவு இரண்டு கோப்புகளில் இருக்கிறது" என்று தெளிவாக எழுதியே இருந்தது. நான்தான் லாகைக் கடைசியில் பார்த்தேன். இந்த வாக்கியம் இந்தக் கட்டுரையில் இன்னும் சில தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டாக்டரின் கணினி. அவர் படம் பார்க்கும் மென்பொருளிலிருந்து சர்வரை டெஸ்ட் செய்யும் பொத்தான் ஒன்று இருக்கிறது. டைகாமில் அதற்கு சி-எக்கோ என்று பெயர். "இருக்கியா?" என்று கேட்பது, "இருக்கேன்" என்று பதில் வருவது, அவ்வளவுதான். அழுத்தினால் பச்சை. எனக்கு ஒரே குஷி. "ரெடி டாக்டர்" என்று சொல்லிவிட்டு நான் எக்ஸ்ரே அறைக்குப் போய்விட்டேன். அரை மணி நேரத்தில் ஆள் வந்தது. பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் நோயாளியைத் தேடினால் பட்டியலே வரவில்லை.

பச்சை விளக்கு ஏமாற்றியதற்குக் காரணம், ஆர்தாங்க்கின் இயல்பான அமைப்பு. யார் வந்து "இருக்கியா" என்றாலும் பதில் சொல்லும். யார் படம் அனுப்பினாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் "என்ன வெச்சிருக்க, காட்டு" என்று கேட்டால் மட்டும் கேட்பவர் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். தெரிந்த ஆள் என்றால், அமைப்புக் கோப்பில் டைகாம் மாடலிட்டீஸ் என்ற பட்டியலில் அந்தக் கணினியின் ஏஇ டைட்டில், ஐபி முகவரி, போர்ட் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். ஏஇ டைட்டில் என்பது டைகாம் உலகில் ஒரு மெஷினின் பெயர். இந்த ஏற்பாடு நியாயமானதுதான். வாசலில் மணி அடித்தால் குரல் கொடுப்போம், பார்சல் வந்தால் வாங்கி வைப்போம், அதற்காக வந்தவரையெல்லாம் பீரோவைத் திறந்து பார்க்க விடுவோமா? லாகிலும் இந்த ஏஇ டைட்டில் பட்டியலில் இல்லை, மறுத்துவிட்டேன் என்று வரியாகவே எழுதியிருந்தது. (சொன்னேன் இல்லையா.)

சேர்த்தேன். பட்டியல் வந்தது. படம் வரவில்லை.

இங்கேதான் டைகாமுக்குப் புதியவர்கள் எல்லோரும் ஒருதடவை தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இணையத்தில் ஒரு கோப்பைக் கேட்டால், கேட்ட அதே இணைப்பில் அது வந்து சேரும். படத்தைக் கேட்டு வாங்கும் டைகாமின் சி-மூவ் அப்படி இல்லை. கடைக்குப் போய் சாமான் கேட்கிறோம். கடைக்காரர் கையில் தராமல், "பேரை மட்டும் சொல்லுங்க, முகவரி எங்கிட்ட இருக்கு, வீட்டுக்கு அனுப்பிவிடுறேன்" என்கிறார். டாக்டரின் கணினி தன் ஏஇ டைட்டிலை மட்டும் சொல்லும். சர்வர் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் தேடி, அங்கே எழுதியிருக்கும் ஐபிக்கும் போர்ட்டுக்கும் தானே புதிதாக ஒரு இணைப்புப் போட்டுப் படத்தைத் தள்ளும். ஆகவே பட்டியலில் போர்ட் தப்பாக இருந்தால் தேடுவது வேலை செய்யும், படம் மட்டும் வராது. நான் பழக்கதோஷத்தில் 104 என்று எழுதி வைத்திருந்தேன். அவர் கணினி கேட்டுக்கொண்டிருந்தது 11112இல். அதை மாற்றிய பிறகு அவர் கணினியின் ஃபயர்வால் தடுத்தது, அதையும் திறந்தேன். படம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை, எல்லோருக்கும் சந்தோஷம்.

திங்கட்கிழமை மறுபடி வரவில்லை. வார இறுதியில் கணினியை அணைத்து வைத்திருந்ததால் ரூட்டர் வேறொரு ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டிருந்தது. கடைக்காரர் பழைய வீட்டுக்குப் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். ரூட்டரில் அந்தக் கணினிக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிய பிறகுதான் தீர்ந்தது. இதை ஆர்தாங்க்கின் கையேடு எழுதவில்லையே என்று அன்று கோபம் வந்தது. யோசித்தால் அது எழுத வேண்டிய விஷயமும் இல்லை.

இன்னொரு கூத்து. இரண்டாவது டாக்டருக்கும் ஒரு கணினி வைத்தோம். அழகாக, ஒழுங்காகப் பெயர் வைக்கலாம் என்று ரேடியாலஜிஸ்டேஷன் 1, ரேடியாலஜிஸ்டேஷன் 2 என்று இடைவெளி இல்லாமல் வைத்தேன். சில நாள் கழித்துப் புதிய டாக்டர் கேட்ட படம் பழைய டாக்டரின் திரையில் போய் விழுந்தது. சர்வரை மறுபடி மறுபடி நோண்டினேன். கடைசியில் விரல் விட்டு எண்ணினேன். ஏஇ டைட்டில் பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது டைகாம் விதி. ரேடியாலஜிஸ்டேஷன் என்பது ஆங்கில எழுத்துகளில் மிகச் சரியாகப் பதினாறு. நான் கடைசியில் சேர்த்த எண் பதினேழாவது. மென்பொருளின் கட்டம் அதை வாங்கவே இல்லை, நானும் கவனிக்கவில்லை. இரண்டு கணினிக்கும் ஒரே பெயர், சர்வர் பட்டியலில் முதலில் கண்ட ஆளுக்கு அனுப்பிவிட்டது. பெயரைச் சுருக்கினேன், தீர்ந்தது.

இந்த மாதிரி நேரங்களில் கைகொடுத்தது டிசிஎம்டிகே என்ற கருவித் தொகுப்பு. எக்கோஎஸ்சியு, ஃபைண்ட்எஸ்சியு, ஸ்டோர்எஸ்சியு என்று டைகாமின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கட்டளை. கோளாறு மெஷினிலா சர்வரிலா என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஆர்தாங்க்கே உள்ளுக்குள் டிசிஎம்டிகேவைத்தான் பயன்படுத்துகிறது. தனியாக அதையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

பழைய எக்ஸ்ரே மெஷின் ஒன்று 104ஆம் போர்ட்டைத் தவிர வேறெதற்கும் அனுப்பாது. லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) அல்லாத சர்வீஸ் சாதாரணமாகப் பிடிக்க முடியாது. ஆர்தாங்க்கை ரூட்டாக ஓட்டும் விபரீதத்துக்குப் போகாமல், 104க்கு வருவதை ஃபயர்வாலில் 4242க்குத் திருப்பிவிட்டேன். இரண்டு வரி வேலை.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். இது வேறு திங்கட்கிழமை, எனக்கு இரண்டு முடி நரைத்தது அன்றுதான்.

ஞாயிறு இரவு மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டிருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்தாங்க் பக்கம் அழகாகத் திறந்தது. சிடி ஸ்கேனிலிருந்து படம் போய்ச் சேர்ந்தது. மூன்று நோயாளிகள் முடித்த பிறகு டாக்டர் ஒரு பழைய படத்தைக் கேட்டார், ஒப்பிட்டுப் பார்க்க. தேடினேன். இல்லை. வேறு பெயரைத் தேடினேன், இல்லை. மொத்தப் பட்டியலைத் திறந்தேன். அன்று காலை எடுத்த மூன்று பேர், அவ்வளவுதான். ஒன்றரை மாதத்துப் படங்கள் எதுவுமே இல்லை. கையெல்லாம் சில்லிட்டுப் போனது.

நடந்ததைப் பின்னால் கோர்த்துப் பார்த்தேன். படங்களுக்காகத் தனியாக இரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கி, ஆர்தாங்க் தன் தரவை வைக்கும் ஃபோல்டரின் மேலேயே மவுண்ட் செய்திருந்தேன், அதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க்கே திறக்கும்படி இணைத்திருந்தேன். டிஸ்க்கில் ஏதாவது சிக்கல் வந்தாலும் சர்வர் பூட் ஆகட்டும் என்று எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க் எங்கே என்ற பட்டியல் கோப்பு) நோஃபெயில் என்றும் எழுதியிருந்தேன். மின்சாரம் திடீரென்று போனதில் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை கெட்டு, தானாகச் சரிசெய்ய முடியாமல், மவுண்ட் ஆகவில்லை. நோஃபெயில் இருந்ததால் லினக்ஸ் அதைப் பெரிதுபடுத்தாமல் மேலே போய்விட்டது. டிஸ்க் இல்லாத இடத்தில், நிறுவும்போது உருவான வெறும் ஃபோல்டர் அடியில் இருந்தது, அதுவும் ஆர்தாங்க் எழுதக்கூடிய உரிமையோடு. ஆர்தாங்க் போய்ப் பார்த்தது. தரவுத்தளம் இல்லை. சரி, முதல் நாள் போலிருக்கிறது என்று புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு கடையைத் திறந்துவிட்டது.

நான் பிடித்த மதிப்பெண்ணில் பாதி இதற்கு. நேற்று வரை ஒரு லட்சம் படம் இருந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லை என்றால், ஒரு நல்ல காவல்காரர் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? அதற்கு நேற்றைய நினைவே அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. புரிந்தாலும் வயிற்றெரிச்சல் போகவில்லை.

சரிசெய்தது இப்படி. சர்வீஸை நிறுத்தினேன். அடியில் இருந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினேன், காலையில் எடுத்த மூன்று பேரின் படங்கள் அதில் இருக்கின்றனவே. எஃப்எஸ்சிகே ஓட்டி டிஸ்க்கைச் சரிசெய்து மவுண்ட் செய்தேன். சர்வீஸைத் தொடங்கியதும் பழைய பட்டியல் முழுதும் வந்துவிட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்த நிமிடத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு ஸ்டோர்எஸ்சியு மூலம் அந்த மூன்று பேரின் படங்களையும் உள்ளே அனுப்பினேன். ஆர்தாங்க் படங்களைச் சேமிக்கும் விதம் இங்கே உதவியது. கோப்பின் பெயர் நீளமான எண்ணெழுத்துக் குப்பை மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது மாறாத டைகாம் கோப்புதான். சுருக்கும் வசதியை நீங்களாக இயக்கியிருந்தால் ஒழிய, தரவுத்தளமே போனாலும் படங்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இதற்காக அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

இனி நடக்காமல் இருக்க இரண்டு காரியம் செய்தேன். லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டியில் ஆர்தாங்க் சர்வீஸுக்கு ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார் என்ற வரியைச் சேர்த்து, அந்த டிஸ்க் மவுண்ட் ஆனால்தான் நீ எழுந்திரு என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று, டிஸ்க்கைக் கழற்றி, அடியில் இருக்கும் காலி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி சிஹெச்ஏடிடிஆர் கட்டளையால் பூட்டு போட்டேன். முதலாவது போதும் என்பார்கள். எனக்குப் போதாது.

அதே டிஸ்க் அடுத்த மாதமும் என்னை விடவில்லை. சிடி ஸ்கேன் ஒருநாள் பாதிப் படத்தில் அனுப்புவதை நிறுத்தியது. லாகைத் திறந்தேன், ஆம், இந்த முறை முதல் வேலையாகத் திறந்தேன். டிஸ்க்கில் இடம் இல்லை. டிஎஃப் கட்டளையைப் போட்டால் நிரம்பியிருப்பது 12 சதவீதம். இரண்டு டெராபைட்டில் 12 சதவீதம் போய் இடம் இல்லையாம்! மெஷினின் சர்வீஸ் இன்ஜினியரைக் கேட்டால் சர்வரைப் பார்க்கச் சொன்னார். சர்வர் பக்கம் நான் மட்டும்தான் இருந்தேன்.

டிஎஃப் கட்டளையோடு மைனஸ் ஐ என்று சேர்த்துப் போட்டதும் விடை வந்தது. ஐநோடு 100 சதவீதம். ஐநோடு என்பது கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் ஒதுக்கும் பதிவுச் சீட்டு. என் டிஸ்க்கில் இருந்த எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் எத்தனை சீட்டு என்பது டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். சாதாரணமாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கு, எனவே இரண்டு டெராபைட்டுக்கு 12 கோடி சீட்டு கிடைக்கும். நான் சாதாரணமாகச் செய்யவில்லை. மருத்துவப் படம் என்றால் பெரிய கோப்பு, பெரிய கோப்புக்கு லார்ஜ்ஃபைல்4 என்ற வகை நல்லது, இடம் மிச்சமாகும் என்று எங்கேயோ படித்து அப்படியே போட்டிருந்தேன். அந்த வகையில் நான்கு எம்பிக்கு ஒரு சீட்டு. மொத்தமே 4 லட்சத்து 76 ஆயிரம் சொச்சம்.

சிடி ஸ்கேன் ஆய்வு பெரியதுதான், ஆனால் அது நூற்றுக்கணக்கான துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு 512க்கு 512 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட், ஆக அரை எம்பி. ஆர்தாங்க் ஒவ்வொரு துண்டையும் தனிக் கோப்பாக வைக்கும். போதாததற்கு அவற்றை அடுக்க, கோப்புப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு ஒரு ஃபோல்டர், அடுத்த இரண்டு எழுத்துக்கு அதற்குள் ஒன்று என்று 65,536 உள்ஃபோல்டர் வரை போடும். அவற்றுக்கும் சீட்டு வேண்டும். இருநூறு ஜிபியைக் கொஞ்சம் தாண்டியதுமே சீட்டு தீர்ந்துபோனது. குதிரை வாங்கியவள் லாடத்தில் மிச்சம் பிடித்த கதை.

எக்ஸ்ட்4இல் அப்புறமாகச் சீட்டை மட்டும் கூட்டிக்கொள்ள வழியில்லை. எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, இதை எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமையாக மறுபடி ஃபார்மட் செய்தேன். அது தேவைப்படும்போது தேவைப்படும் அளவு ஐநோடு உருவாக்கிக்கொள்ளும். எக்ஸ்ட்4ஏ வேண்டும் என்பவர்கள் எந்த வகையும் குறிப்பிடாமல் இயல்பாக ஃபார்மட் செய்தாலே போதும்.

இவ்வளவு இடித்தாயிற்று, கூடவே தரவுத்தளத்தையும் மாற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. ஆர்தாங்க் இயல்பாக எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் அட்டவணையை வைக்கும், போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொள்ள ப்ளகின் (கூடுதலாகச் செருகும் நிரல்) உண்டு. மாற்றுவது என்றால் பொத்தானைத் தட்டுவது இல்லை. பழையதை அப்படியே புதியதாக மாற்றித் தரும் வசதி கிடையாது, காலியான புதிய சர்வரில் எல்லாப் படங்களையும் மறுபடி ஏற்ற வேண்டும். நான் எப்படியும் ஏற்றத்தான் போகிறேன் என்பதால் துணிந்தேன். ப்ளகின் தொடங்கும்போதே விழுந்தது. பப்ளிக் ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகள் இருக்கும் பொது இடம்) அனுமதி இல்லை என்று பிழை. பழைய குறிப்புகளைப் பார்த்து வேலை செய்தால் இதுதான் கதி. போஸ்ட்கிரெஸ் 15 முதல், பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய தாராளத்தை எடுத்துவிட்டார்கள். டெபியன் 12இல் வருவது அந்த 15தான். தரவுத்தளத்தின் உரிமையாளராகவே ஆர்தாங்க்கின் பயனரை ஆக்கிவிட்டால் தீர்ந்தது, ஒரே வரி. ப்ளகினில் அட்டவணையை மட்டும் போஸ்ட்கிரெஸ்ஸில் வைக்கச் சொல்லுங்கள், படங்களையும் அதற்குள் திணிக்காதீர்கள். அவை டிஸ்க்கிலேயே கிடக்கட்டும்.

எங்கள் அளவுக்குப் போஸ்ட்கிரெஸ் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஆசைதான்.

மீதிப் பாதி மதிப்பெண் எதற்கு என்று சொல்கிறேன். எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் வந்து, "அக்கா, பேஷண்ட் பேர் தப்பா அடிச்சிட்டேன். மெஷின்ல திருத்தி மறுபடி அனுப்பினேன், சக்சஸ்னு காட்டுது. ஆனா சர்வர்ல பழைய பேர்தான் இருக்கு" என்றான். திரும்ப அனுப்பிப் பார்த்தோம். மெஷின் ஜெயம் என்கிறது, சர்வர் அசையவில்லை. ஆர்தாங்க் இயல்பாக ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் எழுதாது. இதே படம் எங்கிட்ட இருக்கே என்று வந்ததை ஒதுக்கிவிட்டு, மெஷினிடம் மட்டும் வாங்கிக்கொண்டேன் என்று தலையாட்டும். இதே படம் என்று எப்படி முடிவு செய்கிறது? நோயாளியின் அடையாள எண், ஆய்வு, தொடர், படம் இவற்றின் எண்களைச் சேர்த்து ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீடு, போடுகிறது. பெயர் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆகவே பெயரை மட்டும் திருத்தினால் ஒன்றும் நடக்காது. அடையாள எண்ணைத் திருத்தி அனுப்பினாலோ, அது புது ஆளாகி, தப்பான எண்ணில் ஒன்றும் சரியான எண்ணில் ஒன்றுமாக இரண்டு பிரதி நிற்கும். எது ஆபத்தானது என்று நினைக்கிறீர்கள்? மேலெழுதும் வசதியை அமைப்பில் இயக்கலாம். நான் இயக்கவில்லை. தப்பானதை நாங்களே அழித்துவிட்டு மறுபடி அனுப்புகிறோம், கூடவே ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். அழித்தால் அழித்ததுதான், குப்பைத் தொட்டி எதுவும் கிடையாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதில் நான் மயிரிழையில் தப்பினேன். அமைப்புக் கோப்பில் அதிகபட்சச் சேமிப்பு அளவு என்று ஒன்று இருக்கிறது, இயல்பாகப் பூஜ்ஜியம், அதாவது வரம்பில்லை. டிஸ்க் நிரம்பிவிடாமல் ஒரு வரம்பு போடலாமே என்று 1,500 ஜிபி எழுதப் போனேன். எழுதும் முன்னால், அதிசயமாக, கையேட்டைப் படித்தேன். அந்த வரம்பைத் தொட்டால் ஆர்தாங்க் இயல்பாகப் புதியதை மறுப்பதில்லை. மிகப் பழைய நோயாளியை அழித்து இடம் செய்துகொள்கிறது, காப்பு போட்டு வைத்தவர்களை மட்டும் விட்டுவிடும். தற்காலிகமாகப் படம் வாங்கி அனுப்பும் இடைநிலைச் சர்வருக்கு இது அருமையான வசதி. ஆவணக் காப்பகத்துக்கு? அந்த வரியை இப்போது கமெண்ட்டில் பெரிய எழுத்தில் "தொடாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆர்தாங்க்கின் ஜேசன் கோப்பில் கமெண்ட் எழுதலாம் என்பது எனக்குப் பிடித்த சின்ன விஷயங்களில் ஒன்று.

இன்னும் இரண்டு குறை சுருக்கமாக. பயனர்களின் கடவுச்சொல் அமைப்புக் கோப்பில் அப்படியே வெறும் எழுத்தில் கிடக்கிறது. உள்ளே வந்தவர் எல்லாமே செய்யலாம். பார்க்க மட்டும் ஒருவர், அழிக்க ஒருவர் என்று பிரிக்க வேண்டுமானால் தனி ப்ளகினோ ஸ்கிரிப்டோ தேவை.

இன்னொரு பேக்ஸ் சர்வரான டிசிஎம்4சீ பக்கமும் எட்டிப் பார்த்தேன். பெரிய மருத்துவமனைக்கு வேண்டிய வசதிகள் அதில் அதிகம். ஆனால் ஜாவா, வைல்ட்ஃப்ளை, எல்டாப், போஸ்ட்கிரெஸ் என்று ஒரு கூட்டுக் குடும்பத்தையே பராமரிக்க வேண்டும். தனியாக ஐடி ஆட்கள் இருக்கும் இடம் என்றால் போங்கள். என்னைப் போல எக்ஸ்ரேக்கு நடுவில் சர்வர் பார்ப்பவர்களுக்கு ஆர்தாங்க்தான் சரிப்படும். ஒன்றே ஒன்று, டாக்டர் நோயைக் கண்டறியத் தன் பழைய மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார். ஆர்தாங்க்கோடு வரும் உலாவிப் பார்வையான்களை நாங்கள் படம் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்க மட்டும் வைத்திருக்கிறோம்.

போன வாரம் இரண்டாவது டாக்டரின் கணினியை மாற்றிப் புதியது வைத்தார்கள். நான் சிடி அறையில் இருந்தேன். பட்டியல் வரவில்லை என்று யாரோ சொல்ல, நான் வெளியே வருவதற்குள் தம்பி சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தான். "அக்கா, நீங்க போங்க. லாக்லயே இருக்கு, புது மெஷினோட ஏஇ டைட்டில் நம்ம லிஸ்ட்ல இல்ல." சேர்த்தான், சர்வீஸை மறுபடி தொடங்கினான். பிறகு என்னைப் பார்க்காமலே டிஎஃப் மைனஸ் ஐயும் ஒருதடவை அடித்துப் பார்த்துக்கொண்டான்.